புற்றுநோய் முன்பரிசோதனைத் திட்டம் வகுக்கப்படும்போது வன்னி மக்கள் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது: "புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் பற்றிப் பேசுவதற்கு எங்கள் சங்கத்தையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்திருக்கிறார்கள். யாருக்கு, எந்த வயதில், என்ன பரிசோதனை என்பதை வைத்தியர்கள் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? வைத்தியம் படிக்காத நாங்கள் அங்கே போய் என்ன சொல்வது?"

வைத்தியர்கள் தீர்மானிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரு பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்கிறதா, எத்தனை பேரில் தவறுகிறது, கண்டுபிடித்த பின் செய்யும் சிகிச்சை உயிரைக் காக்கிறதா என்பவை ஆய்வினால் அறியப்பட வேண்டியவை. கைதூக்கி வாக்களித்து முடிவு செய்யக் கூடியவை அல்ல. ஆனால் அந்த விடைகள் எல்லாம் கிடைத்த பிறகும், எவ்வளவு நன்மைக்காக எவ்வளவு தீங்கை ஏற்பது, இருக்கின்ற பணத்தையும் ஆளணியையும் எதற்கு முதலில் கொடுப்பது, எந்தப் பெண் எந்த நாளில் எந்த இடத்துக்கு வர முடியும் என்ற கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. இவற்றுக்கு வைத்தியப் புத்தகத்தில் விடை கிடையாது. நீங்கள் போய்ப் பேச வேண்டியது இந்த இரண்டாம் பகுதியில்தான், அங்கே உங்களைவிடத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு எவரும் இருக்கப் போவதில்லை.

முன்பரிசோதனை ஏனைய வைத்தியத்திலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது. நெஞ்சில் கட்டி இருப்பதாக உணர்ந்த ஒரு பெண் தானாக வைத்தியரைத் தேடி வருகிறாள். முன்பரிசோதனையிலோ எந்த நோவும் இல்லாத, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை அரசாங்கம் தேடிச் சென்று "வாருங்கள், உங்களைப் பரிசோதிக்க வேண்டும்" என்று அழைக்கிறது. நலமாக இருப்பவரை நாமே அழைத்து வந்து அதனால் அவருக்கு ஒரு தீங்கு நேர்ந்தால், அந்தப் பொறுப்பு நோயாளி தேடி வரும் இடத்தில் உள்ளதைவிடப் பெரியது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் 1968இல் வகுத்துக் கொடுத்த பத்து நெறிகளிலேயே, பரிசோதனை மக்களுக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. மக்களைக் கேட்காமல் அது ஏற்புடையதா என்பதை அறியும் வழி எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

தீங்கு என்று நான் சொல்வது எதை என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் வைத்திய முகாம்களில் இந்தப் பக்கம் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரே படம் எடுத்துத் தேடும் மமோகிராம் திட்டத்தைப் பேராசிரியர் மைக்கேல் மார்மொட் தலைமையிலான சுயாதீனக் குழு ஒன்று 2012இல் மீளாய்வு செய்தது. ஐம்பது வயதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு 10,000 பெண்களை அழைத்துவந்தால் ஏறக்குறைய 43 பேரின் மரணம் தவிர்க்கப்படும், அதே வேளையில் ஏறக்குறைய 129 பெண்களுக்கு, வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் தந்திருக்காத ஒரு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு அதற்குச் சிகிச்சையும் அளிக்கப்படும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. அதாவது, காப்பாற்றப்படும் ஒரு பெண்ணுக்கு எதிராக மூன்று பெண்கள் தேவையற்ற சத்திரசிகிச்சையையும் கதிர்ச் சிகிச்சையையும் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த எண்கள் இங்கிலாந்துக்குரியவை, வன்னிக்கு அப்படியே பொருந்தமாட்டா. இருப்பினும் அவை எழுப்பும் கேள்வி இங்கும் அதேதான்: ஒன்றுக்கு மூன்று என்பது ஏற்கத்தக்கதா? புள்ளிவிபரவியலாளர் இதை எண்ணித் தரலாம், வைத்தியர் விளக்கலாம். ஏற்கலாமா என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஒருத்தியாகவோ அந்த மூவரில் ஒருத்தியாகவோ ஆகக் கூடியவர்கள்.

இது வன்னிக்குப் புதிய முறை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகத்துக்கு முன்னர் இரணைமடுவின் கீழ் எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்பது அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரர் அமைப்புகள் அமர்ந்திருக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகிறது. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைச் சொல்பவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர், அதை எவரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்த நீரை எப்படிப் பங்கிடுவது என்பதில் பேச்சும் வாதமும் நடக்கின்றன. சுகாதாரத்தில் மட்டும், நீரின் அளவைச் சொன்னவரே பங்கீட்டையும் முடித்துவிட்டு, விதைக்கும் நாளை நமக்கு அறிவித்தால் போதும் என்று ஏன் எண்ண வேண்டும்?

பொதுமக்களைக் கேட்டால் "எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்யுங்கள்" என்றுதான் சொல்வார்கள், செலவு கட்டுக்கடங்காமல் போகும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் உண்டு. அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் ஆய்வாளர்கள் பதினொரு பெண்களை ஒரு குழுவாக அமர்த்தி, நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயதுவரையான பெண்களுக்கு அரசாங்கம் மமோகிராம் வழங்க வேண்டுமா என்று கேட்டனர். நிபுணர்களின் சான்றுகளைக் கேட்டு, அவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு, தங்களுக்குள் விவாதித்த பின் அப்பெண்களில் பத்துப் பேர் வேண்டாம் என்று வாக்களித்தனர். அந்த ஆய்வு 2008இல் வெளியானது. இதற்கு மறுபக்கமாகத் தென்கொரியாவைப் பார்க்கலாம். அங்கே தைரொயிட் சுரப்பியை ஸ்கேன் செய்து பார்ப்பது, யாரும் ஆழமாகக் கேள்வி கேட்காமல், உடற்பரிசோதனைகளோடு ஒரு கூடுதல் சேவையாகப் பரவியது. 1993க்கும் 2011க்கும் இடையில் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் பதினைந்து மடங்கு கூடியது, ஆனால் அதனால் இறந்தவர்களின் வீதம் மாறவே இல்லை. 2014இல் வைத்தியர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து இதை மக்களுக்குப் பகிரங்கமாகச் சொன்ன பிறகே சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. உண்மை முழுவதையும் முன்னால் வைத்தால் மக்கள் நிதானமாக முடிவெடுக்கிறார்கள். பாதியை மட்டும் சொல்லி அழைத்தால்தான் கூட்டம் கட்டுமீறுகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான, அங்கிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனை 35 வயதுப் பெண்களை முதன்மையாகக் கொண்டு நடத்தப்பட்டு, பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். 2017இலிருந்து ஆறாம் தரத்து மாணவிகளுக்கு, அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி இரண்டு தடவைகளாகப் போடப்படுகிறது. நாடு முழுவதற்கும் வகுக்கும்போது இது நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் வன்னியின் வயதுக் கணக்கு வேறு. 1974இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு 35 வயதானது போர் முடிந்த 2009இல். அந்த ஆண்டு அவர் எங்கே இருந்தார், எந்த முகாமில் எந்தக் கூடாரத்தில் இருந்தார் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னைய இடப்பெயர்வு ஆண்டுகளிலும், மீள்குடியேறி வீட்டுக்குக் கூரை தேடிய பின்னைய ஆண்டுகளிலும் 35ஐக் கடந்தவர்களையும் இவரோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இப்பெண்கள் இன்று ஐம்பதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். வயதை மட்டும் பார்த்து அழைக்கும் அட்டவணை இவர்களைத் தாண்டிப் போய்விட்டது. 35ஐயும் 45ஐயும் பரிசோதனை இல்லாமலே கடந்தவர்களுக்கு ஒரு முறையாவது இங்கே தனியாக வழி செய்ய வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லக் கூடியவர், அந்த வருடங்களை வாழ்ந்த ஒருவர்தான். உங்கள் சங்கம் வேறு எதையும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்தது கணவரை இழந்த பெண்கள். "அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன, எனக்கு எதற்கு இந்தப் பரிசோதனை" என்ற எண்ணம் எங்கள் பெண்கள் பலரிடம் இருக்கிறது. கிளினிக்குக்குப் போவதை மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. எச்.பி.வி. வைரசு தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறுவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள்கூடச் செல்லலாம் என்பதால், பல வருடங்களுக்கு முன்னர் விதவையான பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை தேவைதான். இதைத் துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரியாக எழுதினால் போதாது. எந்தச் சொல்லில், யார் வாயால், எந்த இடத்தில் சொன்னால் ஒரு பெண் மனம் நோகாமல் கேட்பாள் என்பதை உங்கள் சங்கத்தின் மூத்த பெண்கள்தான் சொல்ல முடியும். பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. பரிசோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் இப்போது ஏற்றுக்கொள்கிறது. இலங்கையிலும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை களுத்துறை மாவட்டத்தில் முன்னோடியாக நடத்தப்பட்டது. பெண்ணே தன் மாதிரியை மறைவாக எடுத்துக் கொடுக்கலாம் என்றால் கூச்சத்தில் பாதி போய்விடும் என்று நான் நம்புகிறேன். எனினும் அது என் நம்பிக்கைதான், முள்ளியவளையிலும் மல்லாவியிலும் உள்ள பெண்கள் அதை விரும்புவார்களா, சரியாக எடுக்க முடியுமா என்று அஞ்சுவார்களா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கிளினிக் நடக்கும் நேரமும் கொள்கையின் ஒரு பகுதியே. வாரநாட் காலையில் நடக்கும் கிளினிக் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளம், அருவி வெட்டுக் காலத்தில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நாளின் அடுப்பு. குடும்பநல உத்தியோகத்தர் எல்லாருக்கும் அறிமுகமானவர் என்பது கர்ப்பிணிகளுக்குப் பெரிய பலம், ஆனால் அதே அறிமுகம் இந்தப் பரிசோதனையில் சிலருக்குத் தடையாகிறது, அடுத்த பிரிவில் போய்ச் செய்துகொள்ள இடம் இருக்கிறதா என்று அவர்கள் மெல்லக் கேட்கிறார்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருப்பவர்கள், இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் ஏதாவது ஆகுமா என்று அஞ்சுகிறார்கள். காந்தப் புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன்னர் உலோகத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மமோகிராமுக்கும் சாதாரண ஸ்கேனுக்கும் அந்த ஆபத்து இல்லை. கொழும்பில் அச்சாகும் பிரசுரத்தில் இந்தக் கேள்வி இடம்பெறாது, நாம் கேட்டால்தான் இடம்பெறும்.

ஆண்களை மறந்துவிட வேண்டாம். இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைதான் அதன் பெரும் காரணம், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் நிறுவப்பட்டது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் குறைவு உறுதியாக நிறுவப்படவில்லை. எனவே எல்லாருடைய வாயையும் பார்ப்பதா, வெற்றிலை போடுகிறவர்களையும் புகைப்பவர்களையும் குடிப்பவர்களையும் மட்டும் தேடிப் பார்ப்பதா என்பது உண்மையான ஒரு கொள்கைக் கேள்வி. பின்னதையே நான் ஆதரிப்பேன். அப்படியானால் அவர்களை எங்கே பிடிப்பது? கிளினிக்குக்கு வரமாட்டார்கள். முல்லைத்தீவுக் கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கமும், வயற் பக்கத்தில் கமக்காரர் அமைப்பும் அழைக்கப்படாத கலந்துரையாடலில் இந்தக் கேள்வியே எழாது. உங்கள் சங்கம் போகும்போது அவர்களையும் அழைக்கச் சொல்லுங்கள்.

எதை முதலில் செய்வது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பரிசோதனை ஒரு சங்கிலியின் முதற் கண்ணி மட்டுமே. பப் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் அடுத்து மாவட்டப் பொது வைத்தியசாலையில் கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும், தேவையானால் சிறு துண்டெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும், புற்றுநோய் என்று உறுதியானால் தெல்லிப்பழையிலோ மகரகமையிலோ உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழை நூறு கிலோமீற்றருக்கும் மேல், மகரகம அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான தூரம். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், முதற் கண்ணியை விரிவாக்குவதனால் பயம் மட்டுமே கூடும். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற தாதியர் அசற்றிக் அமிலம் பூசி வெறுங்கண்ணால் கருப்பைக் கழுத்தைப் பார்த்த திட்டம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மரணங்களை 35 வீதம் குறைத்தது. 2007இல் வெளியான அந்த ஆய்வில் பெரிய இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. மாற்றம் கண்டவர்களுக்கு உடனே அடுத்த படியைச் செய்யும் ஏற்பாடு இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் தங்கள் ஊருக்கு மமோகிராம் இயந்திரம் வாங்கித் தர விரும்புகிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் படம் எடுக்கும் கதிர்ப்படப் பணியாளர், படத்தை வாசிக்கும் கதிரியல் வைத்திய நிபுணர், பழுதானால் திருத்துவதற்கான ஒப்பந்தம், ஐயம் எழுந்த பெண்ணுக்குத் துண்டெடுத்துப் பார்க்கும் வசதி ஆகியவை இல்லாமல் இயந்திரம் மட்டும் வந்தால் அது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைவிடப் பெரிய கேள்வி, கட்டி இருப்பதாக வந்த ஒரு பெண்ணுக்கு இன்று எத்தனை நாளில் முடிவு கிடைக்கிறது என்பது. அது வாரக் கணக்கில் நீளுமானால், நோவில்லாத நூற்றுக்கணக்கான பெண்களையும் அதே வரிசையில் நிறுத்துவது கட்டியுள்ளவளின் நாட்களை இன்னும் நீட்டும். மும்பையில் இருபது ஆண்டுகள் நடந்து 2021இல் முடிவு வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையினால் மார்பகத்தைப் பரிசோதித்ததால் ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ முப்பது வீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை. ஆகவே மார்பகத்தைப் பொறுத்தவரை, கட்டி கண்டவருக்கு விரைவு வழி, அடுத்ததாகக் கைப் பரிசோதனை, அதற்குப் பிறகே இயந்திரம் என்ற வரிசையை நான் முன்வைப்பேன். வேறு வரிசையை ஓர் ஊர் தெரிவு செய்யலாம், ஆனால் இந்தக் கணக்கைக் கேட்ட பின் தெரிவு செய்ய வேண்டும்.

யார் பேசுவது என்பதும் சிக்கலானதே. கிராம மட்டக் கூட்டங்களில் சங்கத் தலைவர்களும் கோயில் பரிபாலன சபையினரும் முன்வரிசையில் அமர்ந்து பேசி முடிக்க, பெண்கள் பின்வரிசையில் இருந்து எழுந்து போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பெண்களின் உடல் பற்றிய தீர்மானத்தில் இது நடக்கக் கூடாது. பெண்கள் மட்டும் அமரும் ஓர் அமர்வை முதலில் கேளுங்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும், அவர்கள் கடந்து வந்த பாதையை வேறு எவராலும் விவரிக்க முடியாது. ஆனாலும் அவர்கள் மட்டும் போதாது. "நேரத்தோடு கண்டுபிடித்ததால் பிழைத்தேன்" என்ற நெஞ்சைத் தொடும் சாட்சியத்தின் முன்னால், இல்லாத நோயைத் தேடி மாதக் கணக்கில் அலைந்தவரும், பரிசோதனைக்கே போகாதவரும், போய்ப் பெறுபேறு கிடைக்காமல் விட்டவரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களையும் தேடி அழைக்க வேண்டும். பதினைந்து, இருபது பேர், இரண்டு முழு நாட்கள், சாதகமாகவும் பாதகமாகவும் பேசும் வைத்தியர்கள், முன்கூட்டியே தமிழில் தந்த சுருக்கமான ஆவணம், பஸ் காசு, இழந்த கூலிக்கு ஈடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்ற அளவில் செய்தால் ஒரு கட்டட அடிக்கல் நாட்டு விழாவின் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

கூட்டம் நடந்ததோடு பங்கேற்பு முடிந்துவிடுவதில்லை, சொன்னதற்குப் பதில் வர வேண்டும். பிரித்தானியாவின் தேசிய முன்பரிசோதனைக் குழு தன் ஒவ்வொரு பரிந்துரையையும் இறுதியாக்கும் முன்னர் மூன்று மாதங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கு விடுகிறது. அயர்லாந்தில் பாடம் மிகுந்த துயரத்தோடு கற்கப்பட்டது. பழைய பப் மாதிரிகளை மீளப் பார்த்தபோது வேறு விதமாகத் தெரிந்திருந்தும், புற்றுநோய் வந்த இருநூறுக்கு மேற்பட்ட பெண்களில் பெரும்பாலானோருக்கு அது சொல்லப்படவில்லை என்பது 2018இல் விக்கி பீலன் என்ற பெண்ணின் வழக்கினால் வெளிவந்தது. பாதிக்கப்பட்ட பெண்களும் குடும்பத்தினரும் போராடிய பிறகே அவர்களின் பிரதிநிதிகள் திட்டத்தை வழிநடத்தும் குழுவில் அமர்த்தப்பட்டனர். "தவறு நடந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா?" என்ற கேள்வியை அதிகாரிகள் தாமாகக் கேட்டுக்கொள்வது அரிது. உங்கள் கூட்டத்தில் அதை நீங்கள் கேளுங்கள்.

நமக்கு ஒரு கூடுதல் இடர்ப்பாடும் உண்டு. சுகாதாரம் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் மாகாணத்துக்கும் பகிரப்பட்ட துறை. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், மாகாண சுகாதாரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. ஆகையால் எழுத்தில் கேட்பது முக்கியம். கூட்டத்துக்குப் போகும் முன்னரே சங்கத்தின் பெயரில் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, அதன் பிரதியைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். உங்கள் பிரிவில் கடந்த ஆண்டு 35, 45 வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது, பெறுபேறு கைக்கு வரச் சராசரியாக எத்தனை நாட்கள் எடுத்தன, மேலதிக சோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்ற நான்கையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. எண்களை மட்டும் கேளுங்கள், கிராம அலுவலர் பிரிவுவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டாம். சிறிய கிராமத்தில் "மேலதிக சோதனைக்கு அனுப்பப்பட்டவர் ஒருவர்" என்று எழுதினால் அந்த ஒருவர் யார் என்பது அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், அதன்பின் அடுத்த பெண் பரிசோதனைக்கு வரமாட்டாள்.